செல் பிரியும் நேரம்: உருளைப்புழுவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி. எலிகன்ஸ் உருளைப்புழுவைப் படிக்கத் தொடங்கும்போது பலரும் செய்கிற முதல் தவறு, செல்லைப் பிரிக்கிற மரபணுவையும் எப்போது பிரிய வேண்டும் என்று சொல்கிற மரபணுவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. செல்லைப் பிரியத் தூண்டும் சைக்ளின் புரதங்களுக்கான மரபணுக்கள் மாதிரியானவைதான் பிரிக்கிற வேலையைச் செய்பவை. லின்-4, லின்-14, லின்-28, லெட்-7 எல்லாம் புழு எந்த வளர்ச்சிப் பருவத்தில் இருக்கிறது என்று பார்த்து அந்த வேலையை ஓடவிடுபவை, நிறுத்துபவை.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது. 'மரபணு கெட்டால் செல் குறைகிறது, அப்படியென்றால் அது பிரிதலைத் தூண்டும் மரபணு' என்று ஒரே இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது. லின்-28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புழுவின் தோலில் பக்கத்துக்கு 10 சீம் செல்கள் (உடல் நீளத்துக்கு வரிசையாக நிற்கும் தோல் செல்கள்) இருக்கும், இரண்டாம் லார்வாப் பருவத்தில் அவற்றில் சில ஒவ்வொன்றும் இரண்டு சீம் செல்களாகச் சரிசமமாகப் பிரிந்து 16 ஆகும். லின்-28 இல்லாத புழு அந்தப் பருவத்தையே தாண்டிப் போய்விடுவதால் எண்ணிக்கை குறைகிறது. சரி, இப்போது அதே புழுவின் வயிற்றுப் பக்கம் பாருங்கள். முட்டையிடும் துளையை உருவாக்கப்போகும் செல்கள் வழக்கமாக மூன்றாம் பருவம் வரை பிரியாமல் காத்திருக்கும், இங்கே இரண்டாம் பருவத்திலேயே பிரிந்துவிடுகின்றன! ஒரு பக்கம் பிரிதல் காணாமல் போகிறது, இன்னொரு பக்கம் முந்திக்கொண்டு வருகிறது. மாறியது பருவக் கணக்குதான், பிரியும் திறன் இல்லை. இந்த மரபணுக்களில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அந்தச் செல்களைப் பிரியவிடாமல் பிடித்து வைப்பது சிகேஐ-1 என்ற தடைப் புரதம். லின்-14 இல்லாவிட்டால் அந்தப் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது என்பது 1998-ல் தெரிந்தது.

லின்-4 கெட்டால் என்ன ஆகும் என்பதிலும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அது புரதம் செய்யாத ஒரு குட்டி ஆர்என்ஏ, 1993-ல் கண்டுபிடித்தார்கள், 2024 நோபல் பரிசு இந்த வழியாகத்தான் விஞ்ஞானிகள் விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் வந்தது. அதன் வேலை லின்-14-ஐ அடக்குவது. எனவே லின்-4 போனால் லின்-14 அடங்காமல் நிற்கும், முதல் பருவத்துப் பிரிதல்களே திரும்பத் திரும்ப நடக்கும். லின்-14 போனாலோ முதல் பருவமே விடுபட்டுப்போகும். இரண்டும் சேர்ந்து போன புழு லின்-14 போன புழு மாதிரியே இருக்கும், ஏனென்றால் அடக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

அப்புறம், பருவத்தை மணிக்கணக்கில் சொல்லாதீர்கள். 25 டிகிரியில் வளரும் வேகம் 15 டிகிரியில் உள்ளதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முட்டையிலிருந்து வந்த புழுவுக்கு உணவே கிடைக்காவிட்டால் தோல் செல்கள் பிரியாமல் அப்படியே நிற்கும். இனப்பெருக்க உறுப்பு எவ்வளவு நீண்டிருக்கிறது, தோலுரித்துவிட்டதா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் பருவத்தைக் குறியுங்கள். லெட்-7 வேலையில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: அந்த மரபணுவின் பெயர்பெற்ற ஒரு மாற்றுவகையைக் கொண்ட புழு 15 டிகிரியில் பிழைத்துக்கொள்ளும், 25 டிகிரியில் முட்டையிடும் துளை வழியாக வெடித்துச் செத்துவிடும்.