பக்கவிளைவுப் பதிவுகளைப் படிப்பது எப்படி? முதல்முறை பார்ப்பவர்களுக்கு

ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன் பெரும்பாலும் சில ஆயிரம் பேரிடம்தான் சோதிக்கப்படுகிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு அந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். பின்னர் மருத்துவர்களும் நோயாளிகளும் அனுப்பும் பதிவுகளில்தான் அது தலைகாட்டும். உலகெங்குமிருந்து வரும் இப்பதிவுகளை ஸ்வீடனிலுள்ள உப்சாலா கண்காணிப்பு மையம் பராமரிக்கிறது. அவற்றின் சுருக்கத்தை ‘விஜிஅக்செஸ்’ (VigiAccess) தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

படி 1: மாத்திரை அட்டையின் பின்புறம் பாருங்கள். கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மருந்தின் பெயரைக் குறியுங்கள். மாதவிடாய் வலி மாத்திரை ஒன்றில் ‘மெஃபனமிக் அமிலம் 250 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி.’ என்றிருந்தால் உள்ளே இரண்டு மருந்துகள். இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

படி 2: தளத்தின் நிபந்தனையை ஏற்றுக்கொண்டு, பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தோல், வயிறு, நரம்பு என்று உறுப்புவாரியாகப் பட்டியல் விரியும்.

படி 3: பலரும் தடுமாறுவது இங்கேதான். தோல் பாதிப்பு 20 சதவீதம் என்று காட்டினால், மாத்திரை சாப்பிட்ட நூறில் இருபது பேருக்குத் தோல் பாதித்தது என்று அர்த்தமில்லை. பதிவான பாதிப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு தோல் சார்ந்தது, அவ்வளவே. மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு அங்கே கிடையாது. அதனால் இரு மருந்துகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு ‘இது ஆபத்து, அது பாதுகாப்பு’ என்று முடிவுகட்டக் கூடாது. அதிகம் விற்கும் மருந்துக்குப் பதிவும் அதிகமாகவே வரும். ஒவ்வொரு பதிவும் சந்தேகம்தான், நிரூபணம் அல்ல.

அப்படியானால் இதனால் என்ன பயன்? அரிய பாதிப்பு ஒரே மருந்தோடு திரும்பத் திரும்ப வரும்போது நிபுணர்கள் உஷாராகிறார்கள். 2023 நவம்பர் 30 அன்று நம் நாட்டில் இப்பதிவுகளைத் திரட்டும் அரசு அமைப்பான இந்திய மருந்து நூல் ஆணையம் மெஃபனமிக் அமிலம் குறித்து எச்சரித்தது இப்படி வந்த பதிவுகளை ஆராய்ந்துதான். ‘டிரெஸ்’ எனப்படும் கடும் ஒவ்வாமை அது: காய்ச்சல், தோலில் தடிப்பு, நெறிகட்டுதல், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு. மாத்திரை தொடங்கி 2 முதல் 8 வாரம் கழித்து வருவதால், மாத்திரைமேல் சந்தேகமே வராமல் போய்விடுகிறது.

படி 4: நீங்களும் பதியுங்கள். அந்த ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நுகர்வோர் படிவம் தமிழிலும் உண்டு. பெயரின் முதலெழுத்து, வயது, மருந்து, அளவு, என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள். மாத்திரை தொடங்கிய தேதி, தொல்லை தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி ஆகிய மூன்றையும் விடாதீர்கள். தேதி இல்லாத பதிவை வைத்துக் காரணத்தை எடைபோடவே முடியாது. கூடச் சாப்பிட்ட சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்தெழுதுங்கள். அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது.

தளத்தில் பார்த்ததை வைத்து, மருத்துவர் எழுதிய மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சலோடு தடிப்போ முகவீக்கமோ வந்தால் மட்டும் படிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.