மேஃபிளவரில் தொடங்கும் தவறு

அமெரிக்கர்கள் ஏன் அரசாங்கத்தை இவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்று எழுத உட்காருபவர்களில் பலர் 1620-இல் வந்த மேஃபிளவர் கப்பலில் ஏறிவிடுகிறார்கள். இங்கிலாந்தின் மத அடக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள், ஆகவே சுதந்திர விரும்பிகள், ஆகவே தனிமனிதவாதிகள். கப்பல் வந்தது உண்மை. கோளாறு அந்த ‘ஆகவே’க்களில் இருக்கிறது.

கப்பலில் 41 ஆண்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையைப் படித்துப் பாருங்கள். மன்னர் ஜேம்ஸின் விசுவாசமான குடிகள் என்று தொடங்கி, காலனியின் பொது நன்மைக்கான சட்டங்களுக்குக் கீழ்ப்படிவதாக உறுதி கூறுகிறது. தனிமனித உரிமை என்ற பேச்சே அதில் இல்லை. பத்தாண்டு கழித்து மாசசூசெட்ஸில் பெருந்திரளாக இறங்கிய, இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய பியூரிட்டன்களும் தங்கள் வழிபாட்டுக்குத்தான் சுதந்திரம் தேடினார்கள். மாற்றுக் கருத்துச் சொன்ன ராஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்சனையும் காலனியை விட்டே துரத்தினார்கள். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டார். எனக்குப் பிடித்த சான்று 1630-களின் கனெக்டிகட்டிலிருந்து: மணமாகாத, வேலைக்காரரும் வைத்திராத இளைஞன் ஊர் சம்மதமின்றித் தனியே வீடு வைத்துக் குடியிருந்தால் வாரத்துக்கு 20 ஷில்லிங் அபராதம். தனிமனிதவாதத்தின் தொட்டிலில் தனியாளாக இருக்கவே ஊரைக் கேட்க வேண்டியிருந்தது!

தொடக்கத்துக்கும் இன்றைய மனப்போக்குக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அதை மதத்தைவிட நிலத்தில் தேடுவது பலன் தரும். வர்ஜீனியாவில் குடியேறுபவரின் பயணச் செலவை ஏற்றவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் கிடைத்தது. உயில் இல்லையென்றால் நிலமெல்லாம் மூத்த மகனுக்கே என்ற வழக்கத்தை அந்த மாநிலம் 1785-இல் ஒழித்தது. சொந்த நிலம் உள்ளவன் எந்தப் பிரபுவின் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. எல்லைப்புற வாழ்க்கைதான் தனிமனிதவாதத்தை வளர்த்தது என்று 1893-இல் வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் வாதிட்டார். கோடரியும் துணிச்சலுமாகக் காட்டை வென்ற தனியாள் என்று அதைச் சுருக்கிவிடுகிறோம். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் போதும் என்று 160 ஏக்கரைச் சிறு கட்டணத்துக்குக் கொடுத்தது வாஷிங்டன். பூர்வகுடிகளை அங்கிருந்து விரட்டியது அதன் ராணுவம். ரயில் பாதைக்கு நிலமும் கடனும் தந்ததும் அதே அரசுதான். ‘தன் கையே தனக்கு உதவி’ என்று பேசிய விவசாயியின் பட்டாவில் அரசு முத்திரை இருந்தது.

யாருடைய தொடக்கம் என்று கேட்காமல் விடுவது இன்னும் பெரிய பிழை. வர்ஜீனியாவில் முதல் பிரதிநிதிகள் சபை கூடியது 1619-இல். சிறைபிடிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அங்கே இறக்கப்பட்டதும் அதே ஆண்டில். மாநில அரசுகள் மறுத்த உரிமைகளை 1964, 1965-ஆம் ஆண்டுகளின் மத்தியச் சட்டங்கள் வழியாகப் பெற்ற கறுப்பின மக்களின் சந்ததியும் வாஷிங்டனை அதே கண்ணால் பார்க்கும் என்று எழுதிவிட முடியாது.

பூர்வீகத்தைத் தலையெழுத்தாக்குவது கடைசித் தவறு. 1928 அதிபர் தேர்தல் பிரசாரத்தில் அமெரிக்காவின் முரட்டுத் தனிமனிதவாதத்தைப் புகழ்ந்த ஹெர்பர்ட் ஹூவர் அமோகமாக வென்றார். பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, 1932-இல் படுதோல்வி அடைந்தார். 1935-இல் முதியோர் ஓய்வூதியம் சட்டமானது. ஆனால் அது வந்த விதத்தைக் கவனியுங்கள்: சம்பளத்தில் பிடித்தம், ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அவரவர் வருமானத்துக்குத் தனித்தனிப் பதிவேடு. வாங்குபவர் அதை உதவித்தொகை என்று நினைக்கவில்லை, தான் கட்டிய பணம் என்றே நினைத்தார்.