தெர்மோஸ்டற்றைக் கழற்றி எறியுமுன் கொதிநீரில் போட்டுப் பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போகையில், கல்முனை நெரிசலில் வாகனத்தின் சூட்டு முள் ஏறத் தொடங்குகிறதா? எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையே தண்ணீர் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டற், அதையும் ஒருக்கால் சோதியுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டும், இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

தெர்மோஸ்டற்றைக் கழற்றினால் அதில் 82, 88 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். அது வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை, செல்சியஸில். பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டற்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அடியில் முட்டக்கூடாது, முட்டினால் சட்டியின் சூடு அதை முந்தித் திறந்துவிடும். பக்கத்தில் ஒரு வெப்பமானி. அந்த எண்ணை ஒட்டி வால்வு அசைய வேண்டும், தளதளவென்று கொதிக்கும்போது நன்றாக விரிந்திருக்க வேண்டும், பெரும்பாலானவற்றில் 8 மில்லிமீற்றர் அளவு. இறக்கி ஆறவிட்டால் முழுதாக மூடவும் வேண்டும். பாதியில் நின்றால் புதிது போடுங்கள்.

"நம்மட வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சில கராஜ்களில் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும், எரிபொருளும் கூடச் செல்லும், உள்ளே தேய்மானமும் கூடும்.

அப்புறம், பொருத்தும்போது சின்னக் காற்றுத் துளை இருந்தால் அது மேற்பக்கம் வரட்டும். கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கஸ்கட்டும் புதிது போடுங்கள்.