ஆலப்புழைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ஒரு சைக்கிளும் அரசுப் படகும்

வேலை மாற்றலாகியோ, வண்டானம் மருத்துவக் கல்லூரியில் படிக்கவோ, கயிறு வியாபாரத்தை முன்னிட்டோ ஆலப்புழைக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரியாகத்தான் இந்த ஊரைத் தெரிந்துகொள்கிறார்கள். பேருந்து நிலையம், முல்லைக்கல் கடைத்தெரு, கடற்கரை ஆகியவற்றை ஆட்டோவில் சுற்றுகிறார்கள். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் கெட்டுவள்ளம் என்னும் வீட்டுப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கடலோர உப்பங்கழியான காயலில் மிதக்கிறார்கள். அத்துடன் ஊரைப் பார்த்தாயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக வந்து இங்கே குடியேறிய நானும் முதல் ஓராண்டை அப்படித்தான் கழித்தேன். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, அரசுப் படகுகளின் நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான், நான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஊரின் புறக்கடையை என்பது புரிந்தது.

இதை விளக்க வேண்டுமானால் ஊர் எப்படி உருவானது என்பதைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் அரசு இங்கே துறைமுகம் அமைத்தபோது, கிழக்கே வேம்பநாட்டுக் காயலிலிருந்து மிளகும் கொப்பரையும் கயிறும் கடற்கரைக்கு வந்து சேர்வதற்காகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அந்த ஏற்பாட்டில் திவான் ராஜா கேசவதாசரின் பெயர் இன்றளவும் இங்கே மரியாதையுடன் சொல்லப்படுகிறது. வாடைக் கால்வாய், வணிகக் கால்வாய் என்னும் இரண்டும் கிழக்கு மேற்காக, ஏறக்குறைய இணையாக, ஊரின் நடுவே ஓடுகின்றன. சரக்கு தண்ணீரில் வந்த காலத்தில் கட்டப்பட்டவை என்பதால், பழைய பண்டகசாலைகள் பலவற்றுக்குக் கால்வாய்ப் பக்கம்தான் முன்வாசல். பண்டகசாலை என்ற நம் சொல்லையே மலையாளிகள் பாண்டிகசாலை என்கிறார்கள். ஆட்டோ போகும் சாலையில் நாம் பார்ப்பது அக்கட்டடங்களின் பின்சுவர்.

ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமையில், விடியற்காலை ஆறு மணிக்குள், படகுத் துறையிலிருந்து புறப்படுங்கள். துறை பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. எல்லாரும் அதை ஜெட்டி என்பார்கள். வாடைக் கால்வாயின் கரையைப் பிடித்து மேற்கே சென்று, கடற்கரையைத் தொட்டு, வணிகக் கால்வாயின் கரை வழியாகத் திரும்பினால், நின்று நின்று போனாலும் காலைச் சிற்றுண்டிக்கு வீடு திரும்பிவிடலாம். 1862இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும், அதே ஆண்டில் கடலுக்குள் நீட்டப்பட்ட பாலத்தின் மிச்சத் தூண்களும் மேற்குக் கோடியில் உள்ளன. கடற்கரைக்கு அருகே குஜராத்தி தெருவையும் தவறவிடாதீர்கள். கடல் வணிகத்துக்காக வந்து தங்கிய கட்ச், குஜராத் வணிகர்களின் தெரு அது. ஓடு வேய்ந்த உயர்ந்த கட்டடங்களில் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன. வேற்று மாநிலத்திலிருந்து வந்து இந்த ஊரில் காலூன்றியவர்கள் நாம் மட்டுமல்ல என்பது அங்கே நிற்கும்போது தோன்றும்.

சைக்கிளைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆலப்புழை மேடுபள்ளமே இல்லாத ஊர்; கியர் வைத்த விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. ஆனால் நிலம் முழுவதும் மணற்பாங்கு, இவர்கள் சொரிமணல் என்று சொல்லும் வெண்மணல். மெல்லிய டயர் உள்ள வண்டி உள்தெருக்களில் புதைந்து நிற்கும். அகன்ற டயர் உள்ள பழைய வகை வண்டியே போதும். உப்புக் காற்றில் சங்கிலி சீக்கிரமே துருப்பிடிக்கும் என்பதால் மாதம் இரு முறை எண்ணெய் விட வேண்டும். கால்வாய்க் கரைச் சாலைகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. இருட்டிய பிறகு விளக்கில்லாமல் ஓட்டுவது சைக்கிளோடு தண்ணீரில் இறங்குவதற்குச் சமம். தோடுகளின் மேல் உள்ள நடைபாலங்களில் படிக்கட்டுகள் இருக்கும். வண்டியைத் தோளில் தூக்க முடியாதவர்கள் சுற்றித்தான் போக வேண்டும்.

தோடு என்றவுடன் காதில் அணிவது நினைவுக்கு வரும் நமக்கு, இங்கே அது சிறு கால்வாய் என்று பழகச் சில நாட்கள் ஆகும். அதைவிடக் குழப்பம் தருவது வெள்ளம். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீரும்தான், பெருக்கெடுத்து வரும் நீரும்தான். எதிர்வீட்டுச் சேச்சி, “வெள்ளம் வந்நோ?” என்று கேட்ட முதல் நாளில் நான் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினேன்; அவர் கேட்டதோ குழாயில் தண்ணீர் வந்ததா என்று. ஆனால் அந்தச் சொல்லைச் சிரிப்போடு மட்டும் கடந்துவிட முடியாது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது, காயலைச் சுற்றியுள்ள தாழ்வான நெல்வயல் பகுதியான குட்டநாட்டின் மக்கள் வீடுகளை விட்டுப் படகுகளில் ஏறி இந்த ஊர் ஜெட்டியில்தான் வந்து இறங்கினார்கள். கரையோரத் தெருக்களில் எந்த வீட்டில் கேட்டாலும் அந்த ஆண்டின் நீர் எந்த உயரம் வரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

இனி படகு. மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை 1968இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இவ்வூரிலேயே இருக்கிறது. நமக்கு நகரப் பேருந்து எப்படியோ அப்படித்தான் குட்டநாட்டுக்காரர்களுக்கு இந்தப் படகு. பள்ளிப் பிள்ளைகள், கறிவேப்பிலைக் கட்டோடு சந்தைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையிலிருந்து திரும்பும் முதியவர்கள் என எல்லாரும் இதில்தான் போகிறார்கள். சீட்டைப் படகிலேயே போட் மாஸ்டர் தருவார். சக்கரத்தைப் பிடித்து முன்னால் இருப்பவர் ஸ்ராங்கு. துறையில் கயிறு வீசிக் கட்டுகிறவர் லாஸ்கர். கெட்டுவள்ளத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு குடும்பம் பல மாதங்கள் இந்தப் படகில் போகலாம், அதே காயலில், அதே காட்சிகளைப் பார்த்துக்கொண்டு.

கோட்டயம் செல்லும் படகை முதலில் பரிந்துரைக்கிறேன். இரண்டரை மணி நேரப் பயணம். ஊரின் கிழக்கு ஓரத்திலுள்ள புன்னமடையைக் கடந்து காயலுக்குள் நுழைந்ததும், காயலைத் தூர்த்து உருவாக்கிய வயல்களின் வெளிவரப்புகளை ஒட்டிப் படகு போகும். அப்போது எழுந்து நின்று பாருங்கள்: படகு ஓடும் நீர் மேலேயும் நெற்பயிர் கீழேயும் இருக்கும். கடல்மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த விவசாயத்தை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் உலக வேளாண் மரபுச் சின்னமாக ஏற்றது. தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு, நீரை வயலுக்குள் விடுவது பற்றிய கவலைதான் தெரியும். நீரை வயலிலிருந்து ஓயாமல் இறைத்து வெளியேற்றுவதே இங்கே கவலை. கோட்டயத்தை நெருங்கும்போது படகு வருவதைக் கண்டு தூக்கிப் பிடிக்கும் பாலங்கள் வரும். அவற்றில் ஏதேனும் பழுதாகியிருந்தால் படகு கோட்டயத்துக்கு முன்பே காஞ்சிரம் என்னும் துறையில் நின்றுவிடும். ஆகவே அன்று அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சைக்கிளையும் படகையும் சேர்த்துப் பயன்படுத்த ஏற்ற வழி வடக்கே இருக்கிறது. தத்தம்பள்ளியிலிருந்து காயலோரமாக ஆரியாடு, மண்ணஞ்சேரி வழியாக முகம்மா வரை சுமார் 15 கி.மீ. இந்த வழியில் சிறு தறிகளில் கயிற்றுப் பாய் நெய்யும் வீடுகள் இன்னும் உள்ளன. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த தொழில் இது. வாசலில் காயும் நாரைச் சைக்கிள் சக்கரம் மிதிக்காமல் ஓரமாகப் போனால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நின்று கேட்டால் தறியைக் காட்டவும் செய்வார்கள். முகம்மாவிலிருந்து குமரகத்துக்குக் காயலைக் குறுக்கே கடக்க 40 நிமிடம் ஆகும். வண்டியை ஏற்றலாமா என்று படகு ஊழியரிடம் முதலில் கேளுங்கள். அலுவலக நேரத்திலும் பள்ளி விடும் நேரத்திலும் கேட்காமலே இருப்பது நல்லது.

இதே தடத்தில் 2002 ஜூலை 27 அன்று ஒரு படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். அரசுத் தேர்வு எழுதப் புறப்பட்ட இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். கூட்டம் நிரம்பிய படகில் இன்னொருவராக ஏற வேண்டாம் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் அதுதான். அடுத்த படகு வரும். உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது என்று உட்காருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். குழந்தைகளின் கையைப் படகின் விளிம்புக்கு வெளியே நீட்ட விடாதீர்கள், துறையில் அணையும்போது நசுங்கிவிடும்.

ஊருக்குள்ளேயே அமைதியான பகுதி வேண்டுமென்றால் புன்னமடைக்கு அக்கரையிலுள்ள நேரு டிராபி வார்டைச் சொல்வேன். பெயர் ஆகஸ்டில் நடக்கும் படகுப் பந்தயத்தை நினைவூட்டினாலும், ஆண்டின் மற்ற நாட்களில் வாத்துகளின் சத்தமும் துணி துவைக்கும் ஓசையும் தவிர அங்கே ஒன்றும் கேட்காது. நகராட்சி வார்டுதான்; ஆனால் நெடுங்காலமாக அந்த மக்களுக்குக் கடத்து வள்ளமே துணை. கடத்து என்பதில் நம் ஊர்ப் பொருளில் உள்ள குற்றம் எதுவும் இல்லை, அக்கரைக்குக் கொண்டு சேர்ப்பது என்றே பொருள். துடுப்புப் போடுகிறவரைச் சேட்டா என்று அழைத்து, வள்ளத்தின் நடுவில் ஏறி, அசையாமல் உட்காருங்கள். அங்குள்ள பாதைகள் வீடுகளின் முற்றத்தை ஒட்டியே போகின்றன என்பதால் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பதும், அனுமதி கேட்காமல் படம் எடுக்காமல் இருப்பதும் மரியாதை. சுற்றுலாப் படகுகள் தம் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பதைப் பல காலமாகச் சகித்துக்கொண்டிருக்கும் மக்கள் அவர்கள்.

குட்டநாட்டிலுள்ள கைநகரிக்கும் ஒரு நாள் படகில் போய்ப் பார்க்கலாம். 1805இல் பிறந்து 2014இல் புனிதராக அறிவிக்கப்பட்ட சாவறா குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளாரின் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. ஆனால் கைநகரி ஒரு நிறுத்தம் அல்ல, பல துறைகள் கொண்ட பரந்த ஊர். எந்தத் துறை என்று கேட்காமல் ஏறி, வேறொரு துறையில் இறங்கி, கடைசிப் படகைத் தவறவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் வள்ளத்தில் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். இறங்கும் துறையிலேயே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இருவரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூன், ஜூலை மழையில் சைக்கிள் பயணம் வேண்டாம். கோடையிலோ வேறொரு தொல்லை: உப்புநீர் வயல்களுக்குள் புகாமலிருக்க 1970களில் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை அடைத்துவிடுவதால் நீர் ஓட்டமின்றித் தேங்கும், உப்பு பட்டால் சாகும் ஆகாயத்தாமரை தோடுகளை மூடிவிடும், நகரக் கால்வாய்களில் நாற்றமும் அடிக்கும். என் கணக்கில் ஓணம் முடிந்து ஐப்பசி மழை வலுப்பதற்கு முன்னுள்ள வாரங்களும், மார்கழி, தை மாதங்களும் ஏற்றவை.

ஆகஸ்டில் நடக்கும் நேரு டிராபி வள்ளங்களி என்னும் அந்தப் படகுப் பந்தயத்தையும் பார்க்க ஆசைப்படுவீர்கள். 1952இல் நேரு இங்கே வந்தபோது அவருக்காக நடத்திய பந்தயத்தில் மகிழ்ந்து, அவர் பாதுகாப்பையும் பொருட்படுத்தாமல் வென்ற சுண்டன் வள்ளத்தில், அதாவது நீண்ட பாம்புப் படகில், தாவி ஏறினார் என்பதும், பின்னர் ஒரு வெள்ளிக் கோப்பையை அனுப்பி வைத்தார் என்பதும் இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. அன்று புன்னமடைச் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது, வழக்கமான படகுகளின் நேரமும் மாறிவிடும். சைக்கிளை வீட்டிலேயே பூட்டிவிட்டு, காலையிலேயே நடந்து போய்விடுங்கள்.