படுத்துக் கிடந்த வால்வு

கும்பகோணம் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் திரவ நைட்ரஜன் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மைனஸ் 196 டிகிரி திரவம். ஐப்பசி அடைமழையில் காவிரிக் கரைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். வால்வின் கைப்பிடி வரை பனிக்கட்டி ஏறி, திருகவே முடியவில்லை. கைப்பிடித் தண்டைச் சுற்றி இறுக்கும் மூடியான கிளாண்ட் வழியே கசிவு வேறு.

கிளாண்டை இறுக்கினேன். இரண்டு நாள் நின்றது, மறுபடி கசிந்தது. மூன்றாவது முறை இறுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: வால்வைப் படுக்கை வாட்டில் பொருத்தியிருந்தார்கள். இத்தகைய வால்வுக்குக் கழுத்து நீளமாக இருப்பதே, உள்ளே தங்கும் வாயு திரவத்தை மேலே ஏறவிடாமல் தடுத்து, தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் டெஃப்ளான் பேக்கிங்கைக் குளிரிலிருந்து காப்பதற்குத்தான். படுக்க வைத்தால் திரவம் நேராகப் பேக்கிங்கைத் தொடும். டெஃப்ளான் சுருங்கும், கசியும். நீள்கழுத்துக்குக் கொடுத்த காசு தண்டம்.

தொட்டிப் பக்கம் அடைத்து, அழுத்தத்தை இறக்கி, குழாய் சாதாரண வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே இருந்தன. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். மூடிய அறையில் ஆளைச் சாய்த்துவிடும். பழைய வால்வு குழாயோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்ததால் அறுக்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலிலேயே, மேலிருந்து பிரிக்கும் வகை வால்வாகப் பார்த்து வாங்கி, தண்டு நிமிர்ந்து நிற்கும்படி பொருத்தினேன். இரண்டு வால்வுகளுக்கிடையே சிக்கும் திரவம் ஆவியானால் குழாயே வெடிக்கும் என்பதால், அங்கே ஒரு பாதுகாப்பு வால்வும் சேர்த்தேன்.

அடுத்த ஆண்டு சீட் (வால்வை மூடும்போது அடைப்பு வந்து அமரும் வளையம்) தேய்ந்தபோது குழாயில் கை வைக்கவே இல்லை. மேல்மூடியைக் கழற்றி, தண்டை உருவி, சீட்டையும் கேஸ்கெட்டையும் மாற்றி, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூடிவிட்டேன்.