எச்.ஐ.வி.: நாள் கணக்கில் சறுக்குகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்பில்லாத உடலுறவு மாதிரி ஏதோ நடந்துவிடுகிறது. ஐந்து நாள் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, வெள்ளிக்கிழமை லேபில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, 'நெகட்டிவ்' என்ற தாளை பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தத் தாள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. விரலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது தட்டுப்பட 23 முதல் 90 நாள் ஆகும். கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள். அதனால் 3 மாதம் முடிந்ததும் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

அந்த ஐந்து நாளில் இதைவிடப் பெரிய ஒன்றும் கைநழுவிப் போகிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் தொற்று ஏற்படாமல் தடுக்க மருந்து உண்டு. 28 நாள் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டுக் காத்திருந்தவருக்கு அது கிடைக்காது. ஓடவேண்டியது முதல் நாளே, அதுவும் டாக்டரிடம்.

அப்புறம், 'அறிகுறி வரட்டும், பார்க்கலாம்' என்கிறவர்கள். தொற்றிய 2 முதல் 4 வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வரும். நம் ஊரில் அது வைரல் காய்ச்சல் கணக்கில் போய்விடும். தானே சரியாகியும் விடும். ஆனால் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருப்பதும், பிறருக்கு எளிதில் பரவுவதும் அப்போதுதான். பிறகு பல வருடம் சத்தமே இருக்காது. சிகிச்சை இல்லாமலே பத்து வருடம் ஓடிவிடலாம். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான சி.டி.4 அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இறங்கும், அல்லது காசநோய் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொள்ளும் கட்டத்துக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். அறிகுறிக்குக் காத்திருப்பவர் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கிறார்.

பரிசோதனை செய்த மாதிரியும் ஆச்சு என்று ரத்த தானம் கொடுக்கப் போகிறவர்களும் உண்டு. இதை மட்டும் செய்யவே கூடாது. பரிசோதனையில் சிக்காத ஆரம்ப நாட்களின் ரத்தம் வேறொருவர் உடம்பில் ஏறக்கூடும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ரகசியம் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். ஒரு கிட்டில் பாசிட்டிவ் வந்ததும் இடிந்துபோகவும் வேண்டாம். மூன்று வேறு கிட்களில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

சி.டி.4 குறையும்வரை மருந்து தரமாட்டார்கள் என்பதெல்லாம் பழைய கதை. 2017 முதல், உறுதியானால் உடனே சிகிச்சை. பெரும்பாலானோருக்குத் தினம் ஒரே மாத்திரை, அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஒழுங்காகச் சாப்பிட்டு, கிருமி அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. சிலர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சில வாரங்களிலேயே கிருமி திரும்பிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குப் பழகியும் விடும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: அந்த எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர் என்ற மருந்தை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் நிற சிரப் உடம்பில் சேரவிடாது. சிரப்புக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் மாத்திரை. வெறும் வயிற்றில் போடும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கணக்கு.