லினக்ஸ் கெர்னல்: பல டிரைவர்களுக்குப் பொதுவான கோட் எந்த டைரக்டரியில் இருக்க வேண்டும்?

முதலில் பொதுக் கோடை இன்று யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். நாளைக்கு யாருக்காவது உதவும் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூப்பிடுபவர்கள் எல்லோருக்கும் பொதுவான மிகக் கீழ் டைரக்டரிதான் அதன் இடம்.

ஒரே சென்சார் ஐ2சி, எஸ்பிஐ என்ற இரண்டு பஸ்களிலும் (சிப்பை இணைக்கும் வழிகள்) வந்தால் கோர் (பொதுப் பகுதி), ஐ2சி, எஸ்பிஐ என மூன்று ஃபைல்கள் ஒரே டைரக்டரியில் போதும். ஹெடரும் அங்கேயே இருக்கட்டும். 'இன்க்ளூட்/லினக்ஸ்' வரை ஏற்ற வேண்டாம். முடுக்கமானி, கைரோ, அழுத்தமானி என்று ஐஐஓ என்ற சென்சார் சப்சிஸ்டத்துக்குள்ளேயே பிரிந்திருந்தால் 'டிரைவர்ஸ்/ஐஐஓ/காமன்'. ஒரே சிப்பில் ரெகுலேட்டரும் ஆர்டிசியும் (கடிகாரம்) இருந்தால் தாய் டிரைவர் 'எம்எஃப்டி'யில் (பல வேலை செய்யும் சிப்களுக்கான டைரக்டரி), பிள்ளைகள் அவரவர் சப்சிஸ்டத்தில். வன்பொருளையே தொடாத சிஆர்சி (தரவுப் பிழை சரிபார்ப்பு) போன்ற கணக்குகளுக்கு 'லிப்'. சிப்பின் ரெஜிஸ்டர்களைப் படிக்க, எழுத உதவும் பொது லேயரான ரெக்மேப் வளர்ந்ததும் இப்படித்தான்: ஆடியோ கோடெக்குகளுக்காக ஒலி சப்சிஸ்டத்தில் இருந்த யோசனை, மற்றவர்களுக்கும் தேவைப்பட்டபோது, 2011இல் 3.1 பதிப்பில் 'டிரைவர்ஸ்/பேஸ்' வந்து சேர்ந்தது.

இடம் சரியாக அமைந்தாலும் பில்ட் உடைவது பெரும்பாலும் கேகான்ஃபிக்கில், அதாவது எதை பில்டில் சேர்ப்பது என்று அமைக்கும் இடத்தில். கோர் ஃபைலில் ஒரே ஒரு ஐ2சி ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் போதும்: கோர் 'ஒய்' (கெர்னலுக்குள்ளேயே), ஐ2சி 'எம்' (தனி மாட்யூலாக) என்று அமைந்த அன்று லிங்கர் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று நின்றுவிடும். ஆகவே சாதனத்தைத் தொடங்கிவைக்கும் கோரின் புரோப் ஃபங்ஷன் டிவைஸ் பாயின்டர், ரெக்மேப் பாயின்டர், ஐஆர்க்யூ (இன்டரப்ட்) எண் ஆகியவற்றை மட்டும் வாங்கட்டும். ரெக்மேப்பை உருவாக்கித் தருவது பஸ் ஃபைலின் வேலை.

கோருக்கு கேகான்ஃபிக்கில் பிராம்ப்ட் (பயனரிடம் கேட்கும் கேள்வி) இல்லாத டிரைஸ்டேட் (ஒய், எம், இல்லை என்ற மூன்று நிலை அமைப்பு) கொடுத்து, பஸ் டிரைவர்கள் அதை 'செலக்ட்' செய்யட்டும். 'செலக்ட்' தான் இழுத்துவரும் சிம்பலின் (கேகான்ஃபிக் அமைப்பின்) 'டிபெண்ட்ஸ் ஆன்' வரிகளை மதிக்காது. அந்த நிபந்தனைகளை, 'செலக்ட்' செய்யும் டிரைவரிலும் எழுதியே ஆக வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

அவசரத்துக்கு ஒரே ஆப்ஜெக்ட் ஃபைலை மேக்ஃபைலில் இரண்டு மாட்யூல்களுக்கும் சேர்க்காதீர்கள்; கெர்னலின் பில்ட் அமைப்பான கேபில்ட் எச்சரிக்கும். கோரைத் தனி மாட்யூலாக்கி, ஃபங்ஷன்களை ஒரு நேம்ஸ்பேஸில் (பெயரிட்ட தொகுப்பில்) எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பயன்படுத்தும் டிரைவரில் இம்போர்ட் வரி விட்டுப்போனால், பில்டின் கடைசியில் மாட்யூல்களைச் சரிபார்க்கும் மாட்போஸ்ட் காட்டிக்கொடுக்கும். 6.13 முதல் நேம்ஸ்பேஸ் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

இருக்கும் கோடை நகர்த்துவதானால் முதல் பேட்ச் நகர்த்தல் மட்டும். கிட்டில் 'ஃபார்மேட்-பேட்ச்' எடுக்கும்போது மைனஸ் எம் கொடுத்தால் ரினேம் நாலைந்து வரியில் அடங்கும்; படிப்பவருக்கு எது மாறியது என்று தெரியும். எக்ஸ்போர்ட் அடுத்த பேட்ச், புதிய டிரைவர் அதற்கும் அடுத்தது. பைசெக்ட் செய்பவர் (பிழை எந்தப் பேட்ச்சில் வந்தது என்று தேடுபவர்) நடுவில் மாட்டிக்கொள்ளாதபடி ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். முடிந்ததையெல்லாம் மாட்யூலாக்கும் 'ஆல்மாட்கான்ஃபிக்' மட்டும் ஓட்டி நிறுத்தாமல், ஐ2சி எம் - எஸ்பிஐ ஒய், ஐ2சி இல்லை - எஸ்பிஐ ஒய் ஆகிய இரண்டையும் ஓட்டுங்கள். எந்தக் கோடுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் மெயின்டெய்னர்ஸ் ஃபைலில் பழைய பாதையை மாற்றுவது முதல் பேட்ச்சிலேயே முடியட்டும். இல்லையென்றால் 'கெட் மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் அடுத்த திருத்தத்துக்கு உரியவரைக் காட்டாமல் போகலாம்.